மையவாடியைக் காப்போம், முன்னோரை அறிவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

      



ஆண்டறிக்கை என்றால் வரவு செலவு இருக்கும். பள்ளிவாசல் மராமத்து இருக்கும். மத்ரஸா மாணவர்களின் தேர்ச்சி இருக்கும். நிக்காஹ் எண்ணிக்கை இருக்கும். மையவாடியைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம். நாம் அனைவரும் இறுதியாகக் குடிபோகும் இடத்தைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகின்றோம். ஆகவே இவ்வாண்டு அதைப் பற்றியே முழுமையாகப் பேசுவது என்று எண்ணினோம். அங்கே உறங்குவோர் யார்? அவர்கள் இவ்வட்டாரத்திற்கு எப்படி வந்தார்கள்? அவர்களது நினைவையும் அந்த மண்ணையும் காப்பதற்கு நம் மார்க்கம் அனுமதிக்கும் வழி எது? இவையே இவ்வுரையின் பொருள்.

முதற்குடியேறிகள்

மதுரைச் சீமைக்கு முஸ்லிம்கள் வந்த வரலாறு குதிரைக் குளம்பொலியோடும் மரக்கலப் பாய்களோடும் பின்னிப் பிணைந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய மன்னர்களின் படைக்கு அரபுநாட்டுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவும் காயலின் செல்வச் செழிப்பைக் கண்டு வியந்து எழுதினார். பாண்டியரின் அமைச்சர்களுள் ஒருவராகத் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் அரபு வணிகர் விளங்கினார். கடற்கரையில் தங்கியவர்கள் மரைக்காயர், லெப்பை என்று பெயர் பெற்றனர். உள்நாட்டிற்கு வந்து குதிரையோடும் படையோடும் வணிகத்தோடும் வாழ்ந்தவர்கள் ராவுத்தர் என்று அழைக்கப்பெற்றனர். குதிரைவீரன் என்பதே அச்சொல்லின் பொருள். மதுரைச் சமவெளியெங்கும் பரவி வாழும் நம்மில் பெரும்பாலோர் இப்பெயரைத் தாங்கியவர்களே.

அடுத்து 1335 முதல் ஏறத்தாழ 1378 வரை மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. 1340களில் மதுரைக்கு வந்த உலகப் பயணி இப்னு பதூதா, நகரில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாள்களில் மாண்டதையும் குறித்துள்ளார். அந்தச் சில மாதங்களில் மண்ணுக்குள் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களில் சுல்தானின் குடும்பத்தாரைத் தவிர மற்றவர் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை. ஒரு சமுதாயத்தின் முன்னோர் பெயரில்லாமல் போவதற்கு நெடுங்காலம் தேவையில்லை. எழுதி வைப்பவர் இல்லாதிருந்தால் போதும்.

ஒரு கல்வெட்டு காத்த நிலம்

மதுரை வையைக் கரையின் வடபுறத்தில் கோரிப்பாளையம் இருக்கிறது. ‘கோர்’ என்ற பாரசீகச் சொல்லுக்குக் கபுரு என்று பொருள். ஒரு பெரும் பட்டணத்தின் பரபரப்பான பகுதிக்கே அங்குள்ள அடக்கத்தலம் பெயர் கொடுத்திருக்கிறது. அங்கே 1573ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. தர்காவிற்குரிய நிலங்களைப் பற்றித் தகராறு எழுந்தது. அப்பொழுது ஆட்சியிலிருந்தவர் வீரப்ப நாயக்கர். அவர் பழைய உரிமையை விசாரித்தார். முற்காலத்தில் கூன் பாண்டியன் காலத்தில் 14,000 பொன் கொடுத்துப் பெறப்பட்ட ஊர்கள் அவை என்பது தெரியவந்தது. ஆகவே அந்த உரிமை தொடர்ந்து நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டது.

சகோதரர்களே, இச்செய்தியை இரண்டு காரணங்களுக்காக இங்கே எடுத்துரைத்தோம். முதலாவது, தீர்ப்பளித்தவர் இந்து மன்னர். நீதியை மட்டும் பார்த்து மாற்றுச் சமயத்தாரின் அடக்கத்தலத்திற்குரிய நிலத்தை உறுதிசெய்தார். மாமன், மச்சான் என்று உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்ளும் நம் வட்டாரத்து வழக்கிற்கு அது பழைய சாட்சி. இரண்டாவது, தகராறு வந்த நாளில் அந்த நிலத்தைக் காத்தது மதிற்சுவரோ மினாராவோ அன்று. இன்னாருக்கு, இன்ன விலைக்கு, இன்ன காலத்தில் வந்தது என்ற செய்தியே காத்தது. செய்தி இருந்ததால் மண் நிலைத்தது. நாம் சொல்ல வந்த கருத்து முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் மதுரையிலும் உள்ள பழைய பள்ளிகளையும் அடக்கத்தலங்களையும் மெஹர்தாத் ஷொகூஹி என்னும் அறிஞர் பல ஆண்டுகள் அளந்து, வரைந்து, 2003ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் பெருநூலாக வெளியிட்டார். தென்னிந்தியக் கடற்கரையில் குடியேறிய முஸ்லிம்களின் கட்டடக் கலையே அந்நூலின் பொருள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் முன்னோரின் கற்களைத் தடவித் தடவிப் படித்திருக்கிறார். எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர், டி. கல்லுப்பட்டி போன்ற உள்நாட்டு ஊர்களின் எளிய மையவாடிகளைத் தேடிப் பேரறிஞர் எவரும் வரமாட்டார். அந்தப் பணி நமக்கே உரியது.

மார்க்கம் காட்டும் எல்லை

‘கபுருகளைப் பாதுகாப்பது’ என்றவுடன் நம்மில் சிலருக்கு ஐயம் எழும். கபுருகளின் மீது கட்டடம் எழுப்புவதையும், சுண்ணம் பூசுவதையும், அவற்றின் மீது அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஆகவே பாதுகாப்பு என்ற பெயரில் இதையெல்லாம் கொண்டுவரப் போகிறார்களோ என்று அவர்கள் அஞ்சுவர். வேறு சிலருக்கோ, முன்னோரை மதிக்கும் பழக்கமே அற்றுப்போகிறதே என்ற வருத்தம் இருக்கும். இவ்விரு சாராரும் ஒன்றுபட்டு நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு.

மதீனாவிற்குக் குடியேறிய முஹாஜிர்களில் முதன்முதலாக ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பெற்றவர் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள். அவர்களை அடக்கியபின் நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். சொல்லப்பட்டவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபியவர்களே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அக்கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை அடையாளம் கண்டுகொள்ளவும், தம் குடும்பத்தில் இறப்பவரை அதனருகே அடக்கவும் அவ்வாறு செய்வதாகக் கூறினார்கள். அபூதாவூத் நூலில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது. அடையாளம் வைத்துக்கொள்வது வேறு. அலங்காரம் செய்வது வேறு. நாம் கேட்பது அடையாளத்தை மட்டுமே. மீஸான் கல் எளியதாக இருக்கட்டும். பெயரும் ஆண்டும் நம் பதிவேட்டில் தெளிவாக இருக்கட்டும்.

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற எச்சரிக்கையும் நமக்கு உண்டு. கபுருகளைச் சந்தித்து மறுமையை நினைவுகூரும்படி ஏவப்பட்டிருக்கிறோம். முட்புதர் மண்டி, கால் வைக்க இடமில்லாத மையவாடியில் ஸியாரத் எவ்வாறு நடக்கும்?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இடம் குறுகிய ஊர்களில், பழைய உடல் மண்ணோடு மண்ணாகிய பின் அதே இடத்தில் மற்றொருவரை அடக்கும் வழக்கம் உள்ளது. ஃபிக்ஹ் நூல்களும் அதற்கு இடமளிக்கின்றன. ஆகவே நம் மையவாடியில் கபுரு நிலையானது அன்று. நூறாண்டு கழித்து இங்கே எஞ்சக்கூடியவை இரண்டே: நிலத்தின் எல்லையும் மாந்தரின் பெயரும். இவ்விரண்டும் தாளிலும் நெஞ்சிலும் பதிந்தாலொழிய எஞ்சா.

பிற இடங்கள் கற்பிக்கும் பாடம்

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே உறங்குவோரின் சந்ததியார் எவரும் அவ்வூரில் இல்லை. எனினும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அது வேலியிட்டுக் காக்கப்படுகிறது. கற்களில் உள்ள பெயர்களை இன்றும் படிக்கலாம். பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் வாழும் மையவாடிகள் எத்தனையோ ஊர்களில் சீமைக்கருவேலத்தின் அடியில் மறைந்து கிடக்கின்றன. இவ்வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள்.

கடல் கடந்து சென்ற நம்மவரின் வரலாற்றையும் பார்ப்போம். பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு சென்று ‘கப்பித்தான் கிளிங்’ என்ற பதவி பெற்ற காதர் முஹைதீன் மரைக்காயர், 1801ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியிடம் பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் பெற்றார். பள்ளியும் மையவாடியும் குடியிருப்பும் அதில் அமைந்தன. பிற்காலத்தில் சாலைகளும் நகரத் திட்டங்களும் வந்து அந்த நிலப்பரப்பு வெகுவாகச் சுருங்கியது. 2014இல் கூ சல்மா நசுத்தியோன் என்னும் ஆய்வாளர் அப்பள்ளியைச் சூழ்ந்து வாழ்ந்த சூலியா முஸ்லிம்களின் வரலாற்றைப் பழைய ஆவணங்களைக் கொண்டு விரிவான நூலாக எழுதினார். சுருங்கிய நிலம் திரும்பி வரவில்லை. ஆயினும் அந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதை இனி எவராலும் மறைக்க இயலாது.

சிங்கப்பூரில் புக்கிட் பிரௌன் என்னும் சீனர் இடுகாடு 1922இல் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் அங்கே உள்ளன. 2011இல் அதனூடே சாலை போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உடனே ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றோர் எனப் பலதரப்பட்ட தன்னார்வலர்கள் கூடினர். விடுமுறை நாள்களில் பொதுமக்களை அழைத்துச் சென்று, இன்னார் இன்னது செய்தார் என்று கல்லறை கல்லறையாக எடுத்துரைத்தனர். சாலை நிற்கவில்லை, 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன் அவை ஒவ்வொன்றும் படமெடுக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டன. மறந்துபோன பாட்டனாரின் கல்லறையைப் பேரப்பிள்ளைகள் கண்டறிந்தனர். 2014இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் அவ்விடம் சேர்ந்தது. பணமோ அதிகாரமோ இல்லாத சாதாரண மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துச் சாதித்த காரியம் இது.

சட்டம் கேட்கும் சான்று

இவையெல்லாம் வரலாற்று ஆர்வலரின் வேலை, நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு சொல். நாட்டில் பல மையவாடிகள் தானப் பத்திரம் எதுவுமின்றி, தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்ததனாலேயே வக்ஃபு என்று கருதப்பட்டவை. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் கொண்டு இனிப் புதிதாக வக்ஃபு என்று ஏற்கும் வழியை நீக்கிவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவான சொத்துகளுக்கு, தகராறோ அரசு நிலம் என்ற கேள்வியோ இல்லாதவரை, பழைய நிலை தொடரும் என்கிறது. 2025 ஜூன் 6 முதல் ‘உமீத்’ என்னும் மத்திய இணையதளத்தில் சொத்து விவரங்களைப் பதிவேற்றும் முறையும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. பதிவு செய்ய வேண்டும் என்ற கடமையை நிறுத்தவில்லை. ஆக, 1573இல் வீரப்ப நாயக்கரின் அவையில் கேட்கப்பட்ட அதே கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது: உங்களிடம் சான்று என்ன இருக்கிறது?

சான்றுகள் கிடைக்குமிடங்களும் உள. கிராம ‘அ’ பதிவேடு, புலப்பட நகல், பழைய இனாம் பதிவேடுகள், 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின்படி நடந்த நில அளவாய்வின் அரசிதழ் வெளியீடு, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் தேடலாம். இவற்றோடு மையவாடியில் உள்ள பழைய மீஸான் கற்களும் சான்றுகளே. ஹிஜ்ரி ஆண்டு பொறித்த ஒரு கல், அந்த நிலம் அன்றைக்கே மையவாடியாக இருந்தது என்று சாட்சி சொல்லும். அக்கல்லை உடைத்து மதிலுக்கு அடித்தளமாகப் போடுவது நம் சாட்சியை நாமே அழிப்பதாகும்.

செய்யத்தக்க பணிகள்

இனி, இவ்வாண்டு நாம் மேற்கொள்ள விரும்பும் பணிகளை ஒவ்வொன்றாகக் கூறுகின்றோம்.

முதலாவது, துப்புரவுப் பணி. மாதம் ஒரு ஞாயிறு, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் போதும். இளைஞர்கள் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு வரவேண்டும். மையவாடிக்குள் ஜேசிபி இயந்திரம் நுழையக் கூடாது. ஒரு நாள் வேலை மிச்சமாகும், நூறாண்டு அடையாளம் போய்விடும். கபுருக்கு அருகிலுள்ள கருவேல மரத்தை வேரோடு பிடுங்கினால் மண் பெயர்ந்துவிடும். அடியோடு வெட்டிவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் வெட்ட வேண்டும். எழுத்துள்ள கற்களுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ பூசலாகாது. அமிலமும் கம்பித் தூரிகையும் கூடவே கூடா. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

இரண்டாவது, பதிவேடு. மையவாடியை அளந்து, வரிசை பிரித்து, வரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்துப் படமெடுக்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் புலப்படும். ஒரு படி பள்ளிவாசல் அலுவலகத்திலும் மற்றொரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் நலம். இனி நடக்கும் ஒவ்வோர் அடக்கத்தையும் அன்றைக்கே பெயர், தந்தை பெயர், நாள், வரிசை எண் ஆகியவற்றுடன் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, கல்வி. பழைய கற்களில் அரபியும், அரபு எழுத்தில் எழுதிய தமிழும், சில வேளை தமிழ் எண்களும் காணப்படும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுத்துகளை உண்டாக்கி, நம் முன்னோர் அரபுத்தமிழை வளர்த்தனர். இன்று அதைப் படிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். மத்ரஸாவில் வாரம் ஒரு வகுப்பு இதற்கென ஒதுக்க ஹஜ்ரத்மார்களை வேண்டுகின்றோம். அலிஃபுக்கு ஒன்று, பேக்கு இரண்டு என எழுத்துகளுக்கு எண் கொடுத்து ஆண்டைக் குறிக்கும் அப்ஜத் முறையையும் பிள்ளைகள் கற்கட்டும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1300 என்று கல்லில் இருந்தால் அது 1883ஐ ஒட்டிய காலம். இக்கணக்கைப் போடும் பிள்ளைக்கு வரலாறு பாடநூலில் மட்டும் இல்லை, தன் ஊர் மண்ணிலும் உண்டு என்பது விளங்கும்.

நான்காவது, பெண்களின் பங்கு. மையவாடிக்குச் செல்வது ஆண்களாக இருக்கலாம். ஆனால் யார் மகன் யார், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்தப் பஞ்சத்தில் எந்தக் குடும்பம் குடிபெயர்ந்து வந்தது, யார் மலாயாவுக்குக் கப்பலேறினார் என்பதெல்லாம் நன்னிமார்களின் நெஞ்சில்தான் பத்திரமாக உள்ளன. பேத்திகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் அமரட்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யட்டும். இப்பணியைத் தள்ளிப்போட முடியாது. முட்புதர் அடுத்த ஆண்டும் இருக்கும். மூத்தோர் இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஒரு முதியவர் ஜனாஸாவில் வைக்கப்படும்போது, அவர் ஒருவருக்கே தெரிந்த பத்துக் கபுருகளின் பெயரும் அவரோடு சேர்ந்து அடங்கிவிடுகிறது.

ஐந்தாவது, அண்டை அயலாருடன் உறவு. ஊரின் மற்றச் சமுதாயப் பெரியோர்களுக்கும் நம் முன்னோரைப் பற்றிய செய்திகள் தெரியும். எங்கள் தாத்தாவும் உங்கள் தாத்தாவும் கூட்டாகச் சந்தைக்குப் போனவர்கள் என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்களிடமும் கேட்டு எழுதுவோம். எல்லை அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்து உடன் நிறுத்துவோம். அவரறிய அளந்த எல்லைக்கு அவரே சாட்சியாவார்.

நிறைவாக

அன்பிற்குரியவர்களே! எழுமலையை நோக்கி முதன்முதலாக மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தவர்களுக்கு இங்கே பள்ளிவாசல் இல்லை, மத்ரஸா இல்லை, ஜமாஅத் இல்லை. வானம் பார்த்த பூமியும், மேற்கே மலைத்தொடரும், முன்பின் அறியாத மக்களுமே இருந்தனர். அந்த மக்கள் இடங்கொடுத்தார்கள், வந்தவர்கள் உழைத்தார்கள். தம்மில் ஒருவரை முதன்முதலாக இம்மண்ணில் அடக்கிய அன்றே இது அவர்களுக்குச் சொந்த ஊராயிற்று.

அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனுக்குப் பெருந்தொகை தேவையில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம், ஒரு பதிவேடு, சில பேனாக்கள், கேட்கும் பொறுமை இவை இருந்தால் போதும். பதிவேட்டுப் பணியில் சேர விரும்புவோர் ஜுமுஆவிற்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். மீஸான் கல் உள்ள கபுருக்கு உரியவர்கள், தம் வீட்டில் பழைய பத்திரம், பைத்துநாமா, நிக்காஹ் ஏடு வைத்திருப்பவர்கள் படமெடுத்துக்கொள்ள மட்டும் தந்துதவினால் போதும். மூலத்தை உடனே திருப்பித் தருவோம்.

நமக்கு முன் சென்றோரின் பிழைகளை இறைவன் பொறுப்பானாக! அவர்களது மண்ணறைகளை ஒளிமிக்கதாக ஆக்குவானாக! அவர்கள் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பழுதின்றி நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.